புத்தூரில் ஒரு தவிட்டு அந்துப்பூச்சி

காலை 6.10. வவுனியாவில் பஸ் புறப்பட்டது. பெரியப்பாவின் அந்தியேட்டி, அதாவது முப்பத்தோராம் நாள் சடங்கு, மறுநாள்தான். ஒரு நாள் முன்னதாகப் புறப்பட்டது, பெரியப்பாவின் மகளைக் கட்டிய அத்தானின் வெங்காயத் தோட்டத்தைப் பார்க்க.

எட்டாம் நாள் பெரியப்பாவின் படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கடியில் ஓர் அந்துப்பூச்சி வந்து இருந்தது. அத்தான் அதைப் படமெடுத்து, "இது தோட்டத்துக்கு வாற சாதியோ, பிள்ளை?" என்று குரல் பதிவு அனுப்பினார். நான் விவசாயம் படிப்பிக்கும் ஆசிரியை. எங்கள் குடும்பத்தில் பூச்சி புழுவுக்கெல்லாம் நான்தான் நீதிபதி. பதிவில் பின்னாலே அக்காவின் அழுகை: "அப்பாதான் வந்திருக்கிறார். அடிக்க வேண்டாமெண்டு சொல்லடி!" அழுகிறவளோடு என்ன வழக்கு? படத்தைப் பெருப்பித்தும் பார்க்காமல், "ஒண்டும் செய்யாது, விடுங்கோ" என்று எழுதிவிட்டேன்.

9.50. யாழ்ப்பாணத்திலிருந்து புத்தூருக்கு ஏறக்குறைய பதினான்கு கிலோமீற்றர், எண்பது ரூபாய். "புத்தூரிலை வெங்காயம் நல்லாய் நிக்குதாம் அக்கா. வரேக்கை ரண்டு பிடி கொண்டு வாங்கோ" என்றார் நடத்துநர். நீர்வேலி வாழைகளைத் தாண்டும்வரை அந்தப் பேச்சை நம்பிக்கொண்டிருந்தேன்.

10.45. பக்கத்துத் தோட்டங்கள் பச்சையாய் நின்றன. பூச்சியைக் கண்டதும் மருந்தடித்தவர்களாம். அத்தானின் எட்டுப் பரப்பும், அரை ஏக்கர் வெங்காயமும், வெளுத்துச் சாய்ந்து கிடந்தது. ஒரு வெங்காயத் தாளை நகத்தால் கிழித்தேன். உள்ளே பச்சைப் புழு. சாய்ந்த தாள்களுக்கு அடியில் அந்துப்பூச்சி ஒன்று ஒட்டியிருந்தது. தவிட்டு நிற முன்சிறகு, நடுவில் வெளிறிய செம்மஞ்சள் வட்டம், பக்கத்தில் அவரை விதை வடிவில் இன்னொரு புள்ளி. வகுப்பில் கரும்பலகையில் நானே வரைந்து காட்டும் அடையாளம்.

"அண்டைக்கு வந்தது இதுதான் அத்தான். நான் வடிவாப் பாக்கேல்லை."

"தெரியும் பிள்ளை. ஒரு கிழமையாலை தெரிஞ்சிட்டுது. புழு தாளுக்குள்ளை போனாப்பிறகு மருந்து பிடிக்குமோ? விதை வெங்காயமும் இதிலைதான் எடுக்க இருந்தம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அண்டைக்குத்தான் உம்மடை அக்கா வாய்க்குச் சோறு வைச்சவள், அப்பா வந்திட்டாரெண்டு. அவளுக்குப் புழுவெண்டு மட்டும் சொன்னனான். அந்தப் பூச்சியின்ரை புழுவெண்டு நீரும் சொல்லாதையும்."

மறுநாள் மாலை 3.20. சடங்கு முடிந்து புறப்பட்டேன். அக்கா சந்திவரை வந்தாள்.

"எட்டாம் நாள் வீட்டை வந்த மனுசன் எங்கடை தோட்டத்தை ஒருக்கால் பாக்காமல் போட்டாரடி. என்ன தகப்பன்?"

முப்பது நாளாய் அழுத மகள் அப்பாவை நொந்துகொள்கிறாள். "ஓம் அக்கா" என்றேன். என் பிழையைச் செத்தவர் தலையில் கட்டிவிட்டு பஸ்ஸில் ஏறினேன்.