மச்சான் மறைத்த ஊசி

என் கோணல் கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டவன்.

கொரோனா காலத்தில், மலேசியாவில் ரெம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில், என் மனைவியின் அண்ணன் வீடுவீடாகச் சொன்னார்: “ஊசி போட்டா கைகால் விளங்காது, வேணாம்லா.” நாங்கள் போடவில்லை. மனைவி நோய் கண்டு, ஆக்சிஜன் வைத்துத்தான் பிழைத்தாள்.

பிறகு ஒருநாள் சாப்பாட்டுக் கடை வாசலில் ஊசிச் சான்று கேட்டார்கள். கூட வந்த மச்சான் கைப்பேசியில் சான்றைக் காட்டினார்.

“எப்ப போட்டீங்க மச்சான்?”

“மழைக் காய்ச்சல்னு படுத்திருந்தேனே, அது ஊசிக் காய்ச்சல்தான். மறுநாளே சரியாப் போச்சு. ஊரெல்லாம் வேணாம்னு சொல்லிட்டு, எப்படி மாப்ள மாத்திப் பேசுறது?”

நான் சாப்பிடாமல் திரும்பினேன். இப்போதெல்லாம் மருந்து, ஊசி எதுவானாலும் கூச்சத்தை விட்டுக் கிளினிக் தாதியிடமே கேட்கிறேன்.

மனைவிக்கு இன்னும் மூச்சு வாங்குகிறது. அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் பத்திரிகையை அவள் தவறாமல் படிப்பாள்.

எழுதிய நாள்: தீபாவளி, மச்சான் எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் போன பிறகு.