பஸ்ஸில் பறிபோன இலை

மார்கழி இதழுக்கான ஸ்வெட்டர் மாதிரியை நாளை பத்திரிகைக்குத் தபாலில் அனுப்பியாக வேண்டும். அதில் நானே உருவாக்கிய இலை டிசைனின் நுனியை எப்படி முடிப்பது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

இன்று பாண்டி பஜாரில் கிடைத்த மயில்கழுத்து நிறக் கம்பளி நூலை, மயிலாப்பூர் பஸ்ஸிலேயே பின்னத் தொடங்கினேன்.

பக்கத்து சீட்டு மாமியும் பையிலிருந்து ஊசிகளை எடுத்தார். என் கையைப் பார்த்துப் பார்த்து, வரிசைக்கு வரிசை அதே இலை!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டுமென்றே ஒரு வரிசையைத் தப்பாகப் பின்னினேன்.

மாமியின் ஊசி நின்றது. “இலை கோணிண்டு போறதே! பிரிச்சுடுங்கோ.”

பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்தேன். நிமிர்ந்து பார்த்தால், மாமியின் இலை நுனியோடு முடிந்திருந்தது, அத்தனை அழகாக.

லஸ் வரும்வரை நான்தான் அவர் கையைப் பார்த்துப் பின்னினேன்.

பத்திரிகையில் யார் பெயரைப் போடச் சொல்லட்டும், நீங்களே சொல்லுங்கள்.