உட்கார்ந்த வேலை

எங்கள் மையத்தில் எனக்கென்று ஒரு வேலை உண்டு. கூடப் போவது. போலீஸ் ஸ்டேஷனுக்கோ ஆஸ்பத்திரிக்கோ தாலுகா ஆபீசுக்கோ ஒரு பெண் போகவேண்டி வந்தால் நாங்கள் அவளைத் தனியாக அனுப்புவதில்லை. எங்களில் ஒருத்தி கூடப் போவாள். ஆனால் அவள் பேசக் கூடாது. பையைப் பிடித்துக்கொள்ளலாம், தண்ணீர் வாங்கித் தரலாம், பக்கத்தில் உட்காரலாம். ஆரம்ப காலத்தில் கூடப் போன ஒருத்தி, அடிபட்டு வந்தவளை வாயே திறக்கவிடாமல் எல்லாவற்றையும் தானே பேசிவிட்டாள். அடிபட்டவள் சொல்ல வந்தது யார் காதிலும் விழவில்லை. அதற்குப் பிறகு வந்த வழக்கம் இது.

மையம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரகடத்தில் ஒரு எலெக்ட்ரிக்கல் கடைக்கு மேலே இரண்டு அறைகள். சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்கள் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் கம்பெனி ஹாஸ்டல் பெண்கள் வந்து அவரவர் ஊர்க் குழம்பு வைத்துச் சாப்பிடுவார்கள். நான் பத்தாவது வரை படித்தவள். தையல் கற்றுக்கொள்ளத்தான் முதலில் போனேன். தையல் வரவில்லை. நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சும் வராது. மையத்தை நடத்தும் அக்கா சில நாள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “உனுக்குன்னே ஒரு வேலை கீதும்மா. வாயத் தொறக்காம உக்காந்துகினு இருக்கணும், அவ்ளோதான். உன்னவிட யாரு நல்லா செய்வாங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போன மழைக்காலத்தில் ஹாஸ்டல் பெண் ஒருத்தி காய்ச்சலில் இறந்துபோனாள். பரமக்குடிப் பக்கம். கார்களுக்கு வயர் கட்டித் தரும் ஒரு கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் பார்த்திருக்கிறேன். அவள் அடுப்படியில் நின்றால் குழம்பில் புளி ஏறிவிடும். காய்ச்சல் வந்ததை அவள் வீட்டுக்குச் சொல்லவில்லை. அம்மா பயப்படும் என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்திவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவளுடைய அம்மா தனியாகக் கிளம்பி வருவதாகப் போன் வந்தது. அக்கா என்னைக் கூடப் போகச் சொன்னார். சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே ஸ்டேஷனில் காத்திருந்தேன். வந்து இறங்கியவர் என்னைவிட இரண்டு மூன்று வயது சிறியவராக இருக்கலாம். கையில் ஒரு மஞ்சள் பை மட்டும்.

“மையத்துலருந்து வந்தவுக நீங்கதானாக்கா?” என்று கேட்டார். தலையாட்டினேன்.

ஷேர் ஆட்டோவில் ஏழெட்டுப் பேருக்கு நடுவில் நெருக்கி உட்கார்ந்தோம். மகளின் சாமான்களை வாங்கத்தான் வருகிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

“சாமான பார்சல்ல போட்டுவிடுறேன்னுதான் சொன்னாக. நா அதுக்கு வரல” என்றார். “எங்கூர்ல எல்லாரும் கேக்குறாக, ஒம்மக என்ன வேலை பாத்துச்சுன்னு. வயர் கம்பெனிம்பேன். வயருல என்னம்பாக. எனக்கு என்ன தெரியும். உக்காந்த வேலைம்மா, ஏசிம்மா, ஒண்ணும் கஷ்டமில்லம்மான்னு போன்ல சொல்லும். அம்புட்டுத்தான் தெரியும்.”

மஞ்சள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, “கண்ண மூடுனா ஆஸ்பத்திரிதாங்க்கா வருது. வேலை பாத்துக்கிட்டு இருக்குறாப்புல நெனைச்சுக்கிருவோம்னு பாக்குறேன். எப்புடி நெனைக்கிறதுன்னு தெரியல. அது உக்காந்த எடத்த ஒருவாட்டி பாத்துட்டாப் போதும்” என்றார்.

முதலில் ஹாஸ்டலுக்குப் போனோம். வார்டனம்மா நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து ஒரு டிராவல் பேக்கைக் கொடுத்தார். ஊதாக் கலர், ஒரு பக்கம் ஜிப் போய் ஊக்கு குத்தியிருந்தது. மகள் படுத்திருந்த கட்டிலைக் கேட்டதற்கு உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். அதில் வேறொரு பெண் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு முகத்தைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. வார்டனம்மா எழுப்பக் கையை நீட்டினார்.

“எழுப்பாதீக. தூங்கட்டும்” என்றார் அந்த அம்மா. அந்தப் பாதங்களையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

கம்பெனி வாசலில் செக்யூரிட்டி எங்களைப் பார்வையாளர் அறையில் உட்காரச் சொன்னான். கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு இளைஞர் வந்தார். எச்.ஆர். என்றார்கள். மரியாதையாகத்தான் பேசினார்.

“உள்ள வெளி ஆளுங்கள விட பர்மிஷன் இல்லம்மா.”

“பெத்தவளக்கூடவா தம்பி?”

“யாரா இருந்தாலும்மா. சேப்டி ரூல்.”

“போட்டோ எதுவும் இருக்குமா? அது வேலை பாக்குறாப்புல?”

“உள்ள செல்போனே கொண்டுபோக விடமாட்டோம்மா. வாசல்லயே வாங்கி வச்சிடுவோம். போட்டோ எதுவும் இருக்காது.”

“நா எதையும் தொடமாட்டேன். நெலப்படியில நின்னு எட்டிப் பாத்துட்டுப் போயிருறேன்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லி அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று எதிர்பார்த்தார் போல. நான் தரையைப் பார்த்தேன். பேசுவதாக இருந்தாலும் எனக்கு என்ன பேசுவது என்று தெரிந்திருக்காது. டீ கொண்டுவரச் சொல்லட்டுமா என்று கேட்டார். அந்த அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து ஒரு கும்பிடு போட்டார். அவரும் கும்பிட்டார்.

எதிரே, கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்தைத் தாண்டி ஒரு டீக்கடை. அங்கே போய் உட்கார்ந்தோம். கடைக்காரர் டிராவல் பேக்கைப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, இண்டர்வியூவா? இந்த வயசுலயும் எடுக்க ஆரம்பிச்சிட்டானுங்களா?” என்றார்.

“எம்மக இங்கன வேலை பாத்துச்சு.”

“எந்த ஷிப்ட்டும்மா?”

“இப்ப இல்ல.”

அவர் பாலை ஆற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். இரண்டு டீயைக் கொண்டுவந்து வைத்தார். ஆடை படிந்து ஆறிப்போகும்வரை அது அப்படியே இருந்தது.

காலை ஷிப்ட் விட்டது. ஒரே நிறச் சட்டையில் பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். அந்த அம்மா எழுந்து நின்றுகொண்டார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாரைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்துதான் இருக்கும். ஆனாலும் கடைசி ஆள் வரைக்கும் பார்ப்பார் போலிருந்தது.

ஒல்லியான ஒரு பெண் பஸ்ஸில் ஏறப்போனவள் ஊதாப் பையைப் பார்த்து நின்றாள். மகளோடு ஒரே அறையில் இருந்தவள். இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு சாலையைக் கடந்து வந்தாள். எல்லோரும் மகளோடு ஒரே லைனில் வேலை பார்த்தவர்கள். பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார். அவர்களில் உயரமாக இருந்த, எங்கள் பக்கத்து ஊர்ப் பெண், “நீ போய்க்கினே இருண்ணா, நாங்க ஆட்டோல வந்துக்கறோம்” என்று கத்தினாள். டிரைவர் ஏதோ திட்டிவிட்டுப் போனார்.

ஒல்லிப் பெண் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அம்மா அழவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை இருந்துவிட்டு, “எம்மக எந்த எடத்துலத்தா உக்காந்திருந்துச்சு? உள்ள விடமாட்டேனுட்டாக. நீங்களாச்சும் சொல்லுங்க” என்றார்.

ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். அந்த லைனில் யாரும் உட்காருவதில்லை என்பது எனக்குத் தெரியும். வயர் மாட்டிய பலகைகள் நகர்ந்துகொண்டே இருக்கும், இவர்கள் கூடவே நகர்ந்து, நின்றபடியே வேலை செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மையத்துக்கு வந்ததும் முதலில் வெந்நீரில் உப்புப் போட்டு வாளியில் காலை விட்டுக்கொண்டுதான் உட்காருவார்கள். வெந்நீர் வைத்துக் கொடுப்பது நான்தான். அவளுக்கும் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

உயரமான பெண்தான் முதலில் அசைந்தாள். டீக்கடை பெஞ்சை வெளியே இழுத்துப் போட்டாள். “வாங்கடி, இப்டி உக்காருங்க. லைன்ல இருக்கறா மாதிரியே” என்றாள். ஒருத்தியும் ஏன் என்று கேட்கவில்லை. நான்கு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு ஆள் இடம் விட்டார்கள். அந்தக் காலி இடத்தில் பீடியோடு உட்கார வந்த லாரிக்காரரைக் கடைக்காரர் கையைக் காட்டி அந்தப் பக்கம் போகச் சொன்னார்.

ஒருத்தி பையிலிருந்து போன் சார்ஜர் வயரை எடுத்து எல்லோர் மடியிலும் படுமாறு நீளமாகப் போட்டாள்.

“நான் வயரக் கிளிப்புல மாட்டுவேம்மா” என்றாள் முதல் பெண். விரல்களால் செய்து காட்டினாள். “மாட்டி இந்தாண்ட தள்ளுவேன். இங்க அவ.”

“இந்த எடமா?”

“ஆமாம்மா. இங்கதான் உக்காந்திருப்பா.”

அந்த அம்மா அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு அதில் உட்கார்ந்தார். ஒல்லிப் பெண் வயரின் முனையை எடுத்து அவர் விரலில் வைத்தாள்.

“இத கனெக்டருக்குள்ள விடணும்மா. உள்ள போனா டக்குன்னு ஒரு சத்தம் வரும். வந்ததும் ஒரு தடவ இழுத்துப் பாக்கணும். கையோட வரலன்னா சரியா இருக்குன்னு அர்த்தம். அப்பறம் எங்கிட்ட தள்ளிடணும்.”

“சத்தம் வரலேன்னா?”

“திரும்பி விடணும்மா.”

“எம்மக ஒழுங்காப் பாக்குமா?”

“அவளா?” என்றாள் உயரமான பெண். “கை ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். பேசிக்கினே இருப்பா. எங்களத்தான் சூப்பர்வைசர் திட்டுவான். அவன் வந்தா மட்டும் கோயில்ல நிக்கறா மாதிரி மூஞ்சிய வச்சிக்குவா.”

நிக்கறா என்று வாயில் வந்துவிட்டதும் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த அம்மா கவனித்ததாகத் தெரியவில்லை. சிரித்தார். “வீட்லயும் அப்புடித்தான். அவுக அப்பா வந்தாப் போதும், பூன மாதிரி ஆகிரும்” என்றார்.

பிறகு அவரே செய்தார். விரலால் உள்ளே விட்டார். காதைச் சாய்த்துச் சத்தம் கேட்பதுபோல் இருந்தார். இழுத்துப் பார்த்தார். பக்கத்தில் தள்ளினார். ஒல்லிப் பெண் அதை வாங்கி டேப் சுற்றுவதுபோல் விரலைச் சுற்றினாள், அடுத்தவளிடம் கொடுத்தாள். முதல் பெண் மறுபடியும் ஒன்றைத் தள்ளினாள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன, எல்லோர் மேலும் புழுதி விழுந்தது. யாரும் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவின் கை பழகிவிட்டது.

கடைசியில் அவர்தான் நிறுத்தினார். வயரைச் சுருட்டிக் கொடுத்தார். “சின்ன வேலைதான்” என்றார். நான்கு பெண்களின் கன்னத்தையும் தடவிவிட்டார். அவர்கள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்ப சிங்கப்பெருமாள் கோவில் வந்து செங்கல்பட்டுப் பக்கம் போகும் வண்டிக்காக நின்றோம். சாயங்கால வெயில் பிளாட்பாரத்தில் நீளமாக விழுந்திருந்தது. தூரத்தில் சிக்னலைப் பார்த்தபடி இருந்த அந்த அம்மா திடீரென்று கேட்டார்.

“நின்னுக்கிட்டுத்தான வேலை பாக்குதுக?”

நான் தண்டவாளத்தைப் பார்த்தேன்.

“தீவாளிக்கு வந்தப்ப காலு ரெண்டும் வீங்கியிருந்துச்சு. ராவெல்லாம் பஸ்சுல காலத் தொங்கப் போட்டு வந்தேன், அதாம்மான்னுச்சு. நானும் எண்ணெயத் தேச்சு விட்டேன்.” என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கக்கா.”

ஆபீசில் என்றால் பேசக் கூடாது என்று எங்களுக்கு வழக்கம் இருக்கிறது. இங்கே அவர் கேட்டது என்னைத்தான். “ஆமாம்மா. நின்னுதான்” என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். “அந்தப் புள்ளைகட்ட நா கேட்டேன்னு சொல்லிறாதீக. பாவம், நல்லா உக்காந்து காட்டுச்சுக.”

ஊதாப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, “ஏசின்னு சொல்லுச்சே. அதாச்சும் நெசமாக்கா?” என்று கேட்டார்.

எனக்கு மூச்சு வந்தது. அது நிஜம்தான் என்றேன். வெளியில் எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே தெரியாது, வெயில் காலத்தில்கூடக் குளிரும் என்று பெண்கள் சொல்லுவார்கள் என்றேன். அன்றைக்கு நான் அவரிடம் அதிகமாகப் பேசியது அதுதான்.

“குளுருமா?” என்றார். “அதுக்குக் குளுரு சேராதேக்கா. சின்னப் புள்ளையிலருந்தே சேராது. ஸ்வெட்டர் எதுவும் வச்சிருந்துச்சா?”

தெரியாது என்றேன்.

ஊதாப் பையைப் பிளாட்பாரத்தில் இறக்கி, குந்தி உட்கார்ந்து, ஊக்கை எடுத்து வாயில் கவ்விக்கொண்டார். உள்ளே இருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிமேல் வைத்துத் தேட ஆரம்பித்தார். வண்டி வருவது தெரிந்து ஜனங்கள் முன்னால் நகர்ந்தார்கள். அவர் இன்னும் தேடிக்கொண்டுதான் இருந்தார்.