ஹேவி என்று எவரும் இங்கே இல்லை

சுவிட்சர்லாந்தில் நாங்கள் வாழும் ஊரின் பேருந்தில் நிறுத்தங்களை அறிவிக்கும் பெண்குரல் மூச்சு விடுவதே இல்லை. மூன்று நான்கு சொற்களை ஒட்டி ஒன்றாக்கி, முதல் துண்டை மட்டும் அழுத்தி, மீதியைச் சறுக்கிவிடும். பயணிகள் எவரும் வியப்பதில்லை. அவர்களேதான் என் மனைவியின் பெயரைக் கேட்டதும் “இவ்வளவு நீளமா!” என்று வாயைப் பிளப்பவர்கள். அவள் பெயர் தவமணிதேவி. அவர்கள் நாடு எங்களுக்குத் தந்த குடியிருப்பு அனுமதியின் பெயர் நீடர்லாசுங்ஸ்பெவிலிகுங். எது நீளம் என்பதை வாசகர்களிடமே விடுகிறேன்.

இந்த ஜெர்மன் கூட்டுச்சொற்களை மருத்துவமனைச் சமையலறை வேலை முடிந்தபின் மாலை வகுப்பில் முறையாகப் படித்தவன் நான். கடைசித் துண்டுதான் பொருள். முன்னால் நிற்பவை அடைகள். அழுத்தம் முதல் துண்டில். நடுவே சில இடங்களில் ஒரு ‘ஸ்’, பசைபோல. வரி முடிவில் உடைக்க நேர்ந்தால் முதலில் துண்டுகள் சேரும் பொருத்தைத் தேட வேண்டும். நோர்வேயில் இருக்கும் என் தம்பி, அங்கும் இதே சட்டம்தான் என்கிறான்; சேர்த்தெழுத வேண்டியதைப் பிரித்தெழுதினால் நோர்வேக்காரர் உப்பில்லாத கறி சாப்பிட்டதுபோல் முகம் சுளிப்பார்களாம். தங்கள் சொல்லுக்கு இத்தனை மரியாதை. எங்கள் பெயருக்கு மட்டும் கத்தரிக்கோல்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் பதிவுத் திருமணத்தன்று அவள் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் ஒரே இழுப்பில் தன் பெயரை எழுதினாள். பதிவாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இங்கே அவள் வேலை செய்த சலவைக்கூடத்தில் அவளுடைய சட்டையில் குத்தியிருந்த அட்டை ‘மணி’ என்றது. பல வருடங்கள் அவள் ஃப்ராவ் மணி, திருமதி மணி. நான் கொதித்தால் சிரிப்பாள்.

“விடுங்கோப்பா. கூப்பிட்டால் வாறதுக்குத்தானே பேர்?”

போன குளிர்காலத்தில் அவள் இறந்துபோனாள். இனி யார் கூப்பிட்டாலும் வரப்போவதில்லை. ஆகவே கல்லிலாவது முழுப் பெயர் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

இந்நாட்டில் கல்லறைக் கல்லின் அகலத்துக்கும் எழுத்தின் உயரத்துக்கும் விதி உண்டு. வரைபடத்துக்கு ஊர் நிர்வாகத்தின் ஒப்புதல் வேண்டும். மகள் வசந்தியோடு மயான அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி பண்பான பெண். வரைபடத்தை எங்கள் பக்கம் திருப்பினார். பெயர் ஒரு வரியில் அடங்காததால் கணினி ‘தே’ என்ற எழுத்தின் நடுவிலேயே உடைத்திருந்தது: மேல் வரியில் ‘Thavamanit-’, கீழ் வரியில் ‘hevy’.

“ஹேவி என்பது குடும்பப் பெயரா?” என்று கேட்டார்.

“ஹேவி என்று எவரும் எங்கள் குடும்பத்தில் இல்லை.”

“அப்படியானால் சுருக்கிவிடலாமே. ‘தவா’ என்று போட்டால் அழகாக இருக்கும்.”

வசந்தி என் முழங்கையைப் பிடித்தாள். “அப்பா, கத்தாதேங்கோ. நானும் வேலையிடத்தில வசிதானே.”

“நீ உயிரோட இருக்கிறாய். வேணுமெண்டால் திருத்தலாம்.”

அலுவலகக் கதவில் எழுதியிருந்த, மயான நிர்வாகம் என்று பொருள்படும் ஃப்ரீட்ஹோஃப்ஃபெர்வால்டுங் என்ற சொல்லைக் காட்டி, இதை எங்கே வெட்டுவீர்கள் என்று அதிகாரியிடம் கேட்டேன். “ஃப்ரீட்ஹோஃபுக்குப் பிறகு,” என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோல.

“என் மனைவியையும் அப்படிப் பொருத்துப் பார்த்து வெட்டுங்கள்.”

அவர் முகம் வெளுத்தது. வசந்தி அவசரமாகச் சுவிஸ் ஜெர்மனில் ஏதோ விளக்கினாள், என் பக்கம் திரும்பி, “கடவுளே, அப்பா!” என்றாள்.

அதிகாரி தேறிக்கொண்டு, வரியை உடைப்பது கணினியின் வேலை, தன்னால் மாற்ற முடியாது என்றார். முடியாது என்ற சொல்லுக்கு இந்நாட்டில் ஒரே மருந்துதான். “நல்லது. அந்த மறுப்பை ரெக்ட்ஸ்மிட்டல்பெலேருங்குடன் எழுத்தில் தாருங்கள்,” என்றேன். எங்கே, எப்படி மேன்முறையீடு செய்யலாம் என்று முடிவின் அடியில் அவர்கள் எழுதியே ஆகவேண்டிய குறிப்பு அது. முதல் துண்டில் அழுத்தம், நடுவே மூச்சு விடவில்லை. பேருந்துக் குரல் தோற்றிருக்கும்.

அதிகாரி என்னை முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்து, மேல் வரியில் ‘Thavamani-’, கீழ் வரியில் ‘thevy’ என்று தன் கையால் வரைந்தார். கணினி எதுவும் தடுக்கவில்லை. அவர்களுடைய சொல்லைப் பிழையின்றி உச்சரித்த பிறகுதான் என் மனைவியின் பெயர் எனக்குக் கிடைத்தது. அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

இப்போது கல் நிற்கிறது. சாம்பலில் பாதியை வசந்தி கொண்டுபோய் யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கடலில் கரைத்தாள். பாதி இந்தக் கல்லின் கீழ். தவமணி என்ற வரியின் முடிவில் ஒரு சிறு கோடு, சொல் இன்னும் முடியவில்லை என்கிறது. போகும்போதெல்லாம் அதில் படியும் பாசியை நகத்தால் சுரண்டிவிட்டு வருகிறேன்.