சுவர் அவருடையது, காற்று எங்களுடையது

மழைக்காலம் தொடங்கிவிட்டால் என் கைபேசி தினமும் காலையில் ஹ்யூமிடிட்டி இவ்வளவு என்று ஒரு எண்ணைக் காட்டும். அந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வானிலையோடு சண்டை போடுகிற ஒரே மனுஷி நான்தான் என்று என் கணவர் கேலி செய்வார். வானிலை என்ன செய்தது பாவம். என் சண்டையெல்லாம் அந்தச் சொல்லை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து நட்டுவைத்த மனிதரோடு. அவர் இப்போது இருக்கிறாரோ இல்லையோ, தெரியாது. கோபம் மட்டும் வருஷா வருஷம் ஜூன் மாதத்தில் தவறாமல் வந்துவிடுகிறது.

அப்போது நாங்கள் மராட்டி பேசும் ஊரொன்றில், கசார்வாடி என்ற பகுதியில் இருந்தோம். பழைய மும்பை நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வாடகை வீடு. அப்பாவுக்குப் பக்கத்திலேயே ஒரு லேத் பட்டறையில் வேலை. அதற்கு முந்தைய வீட்டில் தண்ணீர் மோட்டார் சரியில்லை என்று அப்பா ஓரிரு தடவை கேட்டிருந்தார். அடுத்த தடவை கேட்பதற்குள் அந்த வீட்டுக்காரருடைய மகனுக்குத் திடீரென்று கல்யாணம் நிச்சயமாகி, வீடு அவர்களுக்கே வேண்டியதாகிவிட்டது. டெம்போவில் மூட்டை முடிச்சுகளுக்கு மேல் உட்கார்ந்து புது வீட்டுக்கு வந்தது எனக்குத் திருவிழாவாக இருந்தது. அம்மா வழி முழுக்க முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

புது வீட்டுக்காரர் எங்களுக்கு நேர் மேலே குடியிருந்தார். எல்லோரும் அவரைக் காகா, அதாவது மராட்டியில் சித்தப்பா, என்றார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். வாழ்நாள் முழுக்க ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்து, யாருடைய நஷ்டத்துக்கெல்லாம் கம்பெனி பொறுப்பில்லை என்று எழுதிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, தடித்த கண்ணாடி, நிதானமான பேச்சு. குரலை உயர்த்தி ஒரு நாளும் பேசியதில்லை. அப்படிப்பட்டவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது பத்து வயதில் எனக்கு எப்படித் தெரியும்.

அறையில் ஒரு கட்டில்தான் கொள்ளும். அதில் சுவரோரம் தங்கை, அவளுக்கு இந்தப் பக்கம் நான். அப்பாவும் அம்மாவும் கீழே பாய் விரித்துப் படுப்பார்கள். அம்மாவுக்கு இடுப்புவலி, கட்டில் ஆகவே ஆகாது. தங்கை படுக்கிற அந்தச் சுவருக்கு நேர் மேலேதான் காகா வீட்டுக் குளியலறை.

நாங்கள் குடிவந்த மறுவருஷம், முதல் மழை பெய்து பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். சுவரில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. அழுத்தினால் உள்ளேயிருந்து தண்ணீர் கசிந்தது. பிறகு கறுப்புப் புள்ளிகள் வந்தன. பிறகு வாடை வந்தது. கடைசியாகத் தங்கைக்கு இழுப்பு வந்தது. மூச்சு விடும்போதெல்லாம் அவள் நெஞ்சுக்குள் கதவு கிறீச்சிடுகிற மாதிரி ஒரு சத்தம். டாக்டர் அவள் மூக்கில் முகமூடியை வைத்துப் புகை மருந்து கொடுத்துவிட்டு, எந்த இடத்தில் படுக்கிறாள் என்று கேட்டார். அம்மா சொன்னதும், முதலில் அந்தச் சுவரைச் சரிபண்ணுங்கள், மருந்தெல்லாம் அப்புறம் என்றார்.

அன்று மாலை அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு மேலே போனார். தனக்குத் தெரிந்த இந்தியில், சுவர் நனைந்து கிடக்கிறது, குழந்தைக்கு முடியவில்லை, மேலே குழாயை ஒரு தடவை பார்த்தால் நல்லது என்று பணிவாகச் சொன்னார். காகா முழுதும் கேட்டார். கேட்டுவிட்டு அப்பாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிறேன் அல்லவா, எனக்கு எளிதில் புரியுமாம்.

இங்கிலீஷில் இரண்டு சொற்கள் இருக்கின்றன என்றார். ஹ்யூமிட் ஒன்று, டேம்ப் ஒன்று. விவரம் தெரியாதவர்கள் இரண்டும் ஒன்றென்று நினைப்பார்கள். ஹ்யூமிட் என்பது காற்றுக்குச் சொல்வது. காற்றில் நீராவி நிறைந்திருந்தால் அது ஹ்யூமிடிட்டி. டேம்ப் என்பது பொருளுக்குச் சொல்வது. துணி டேம்ப் ஆகும், தரை டேம்ப் ஆகும், சுவருக்குள் தண்ணீர் புகுந்தால் சுவர் டேம்ப் ஆகும். உங்கள் வீட்டில் இருப்பது ஹ்யூமிடிட்டி. நீங்கள் தினமும் இட்லி அவிக்கிறீர்கள். அந்த ஆவி போக இடமில்லாமல் சுவரில் போய் உட்காருகிறது. சுவர் என்னுடையதுதான், மறுக்கவில்லை. காற்று உங்களுடையது.

சொல்லிவிட்டு எனக்கு ஒரு பர்ஃபியும் கொடுத்தார். நான் அதைத் தின்றுகொண்டே படியிறங்கி, அவர் சொன்னதை அப்படியே தமிழில் அப்பாவுக்குச் சொன்னேன். அப்பா கீழே வந்து அம்மாவிடம் சொன்னார்.

“அதாவது, நாம இட்லி திங்கதுனால பிள்ளைக்கு இழுப்புங்காவளா?” என்று கேட்டாள் அம்மா.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் இட்லிப் பானை பரணுக்குப் போனது. சோறுகூட மூடி போட்டுத்தான் வடித்தாள். துவைத்த துணியை உள்ளே காயப்போடக் கூடாது. வெந்நீர் கூடாது. மழை சாரலடித்தாலும் ஜன்னலைத் திறந்தே வைக்க வேண்டும். காலையில் பாவ் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போனோம். ஆவி பிடித்தால் தங்கைக்கு இதமாக இருக்கும், அதற்குக்கூட அம்மா அவளைச் சமையலறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு வீட்டில் சொந்தப் பிள்ளைக்கு ஆவி பிடிக்கப் பயப்படுகிற நிலைமையை என்னவென்று சொல்வது.

சுவர் இதையெல்லாம் பொருட்படுத்தவே இல்லை. நாங்கள் பாவ் தின்னத் தின்ன அது நனைந்துகொண்டே போனது. காகா காலையில் குளித்து முடித்த பிறகுதான் அதிகமாகக் கசிகிறது என்பதை நான் கண்டுபிடித்தேன். மேலே வாளி உருளும் சத்தம், பிறகு தண்ணீர் விழும் சத்தம், பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டு நிற்கும்போது கொப்புளத்தின் கீழ் விளிம்பில் ஒரு முத்து. மழை பெய்யாத நாளிலும் இதே கதைதான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வகுப்பில் அகராதியை வாங்கி இரண்டு சொற்களையும் பார்த்தேன். அவர் அர்த்தத்தைச் சரியாகத்தான் சொல்லியிருந்தார், அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. வித்தியாசம் உண்மை. எங்கள் சுவர் அதில் எந்தப் பக்கம் என்பதில்தான் பொய். அவர் கொடுத்த சொல்லாலேயே அவரை மடக்கிவிடலாம் என்று தோன்றியது. இங்கிலீஷில் நாலு வாக்கியங்கள் தயார்செய்து, கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அப்பாவை நச்சரித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தடவை வந்து சுவரைப் பார்க்கும்படி காகாவிடம் சொல்லவைத்தேன். அவரும் வருகிறேன் என்றார்.

ஞாயிறு காலை எழுந்து பார்த்தால் வீடு முழுக்க ஆவி மூட்டமாக இருந்தது. அடுப்பில் இட்லிப் பானை. பரணிலிருந்து எப்போது இறங்கியது என்றே தெரியவில்லை. பக்கத்து அடுப்பில் சாம்பார் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

“அம்மா, இன்னைக்கா? இட்லியாலதான் செவுரு நனையுதுன்னு சொல்லுதவருக்கு இட்லியா?”

“வீட்டுக்கு வாற மனுசரை வெறும் வயித்தோட அனுப்பச் சொல்லுதியா?”

“அவல் கிண்டிக் குடேன்.”

“அவலை அவ்வொ வீட்டுலயே தின்பாவ,” என்று சொல்லிவிட்டு அம்மா அடுத்த ஈடு ஊற்றினாள்.

ஜன்னலையாவது திறக்கலாமென்று ஓடினேன். அதற்குள் காகா வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றி, உள்ளே ஓரடி எடுத்துவைத்தார். அவருடைய தடித்த கண்ணாடி இரண்டும் பால் ஊற்றியது போல வெளுத்துப்போயின. அவர் அதைக் கழற்றி, துடைக்காமல், எனக்கு முன்னால் நீட்டிக் காட்டினார்.

“தேகோ பேட்டி,” என்றார், பாரம்மா என்று. மேற்கொண்டு சொல்ல என்ன இருக்கிறது.

நானும் விடவில்லை. கையைப் பிடித்துச் சுவருக்குக் கூட்டிப்போனேன். தயார்செய்த வாக்கியங்களில் பாதி மறந்துவிட்டது, மீதியைச் சொன்னேன். இது டேம்ப், ஹ்யூமிட் இல்லை, தொட்டுப் பாருங்கள் என்றேன். தொட்டார், கை நனைந்தது. காற்றிலிருக்கும் தண்ணீர் குளிர்ந்த சுவரில் படிகிறது என்று சிரித்தார். அப்படியென்றால் நாலு சுவரும் நனைய வேண்டுமே, உங்கள் குளியலறைக்குக் கீழே இருக்கிற ஒரு சுவர் மட்டும் ஏன் நனைகிறது என்று கேட்டேன்.

அந்த நேரத்து அவர் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறிவிட்டது. என்னை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

“போதும்ட்டி, உள்ள போ,” என்றார் அப்பா.

ஜெயிக்கிற நேரத்தில் சொந்த அப்பாவே காலை வாரிவிட்டால் எப்படியிருக்கும். அந்தச் சமயம் பார்த்து அம்மா தட்டோடு வந்தாள். காகா உட்கார்ந்து சாப்பிட்டார். சும்மா சொல்லக் கூடாது, ரசித்துச் சாப்பிட்டார். அம்மா பக்கத்திலேயே நின்று, வேண்டாம் வேண்டாம் என்று அவர் கையால் மறைக்க மறைக்க இட்லியை வைத்துக்கொண்டே இருந்தாள். தெரிந்த நாலு மராட்டி வார்த்தைகளில், உங்களை எங்கள் வீட்டுப் பெரியவராகத்தான் நினைக்கிறோம் என்றாள். கட்டிலில் தங்கை உட்கார்ந்து கிறீச் கிறீச்சென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

கை கழுவிவிட்டு வாசலில் செருப்பை மாட்டும்போது அப்பாவிடம், அக்ரிமென்ட் இந்த மாசம் முடிகிறது, நாளைக்கு மேலே வாருங்கள், அடுத்த பதினோரு மாசத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றார். போகும்போது என் கன்னத்தைத் தட்டி, நல்ல இங்கிலீஷ் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அம்மா கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நின்றாள்.

அக்ரிமென்ட் என்ற சொல் எனக்கு ஏதோ பெரியவர்கள் சமாசாரமாகப்பட்டது. பாயிலர் ஆவியில் வெந்தவளைப் போல நான் கத்தினேன். நீதான் எல்லாவற்றையும் கெடுத்தாய், உன் இட்லியால்தான் தோற்றோம், தங்கச்சிக்கு இனிமேல் என்ன ஆனாலும் நீதான் காரணம் என்றேன். எனக்கு வைத்த தட்டைத் தொடவில்லை. அம்மா அந்த இட்லிகளை எடுத்துப் பானைக்குள் வைத்து மூடினாள். ஒரு அறையாவது கொடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அன்று ராத்திரி அம்மா படுக்கையை மாற்றினாள். தங்கையைக் கீழே பாயில், அப்பாவின் பக்கத்தில், வாசற்கதவோரம் போட்டாள். கட்டிலே ஆகாதவள், தலையணையை எடுத்துக்கொண்டு வந்து கட்டிலில் சுவரோரம் படுத்துக்கொண்டாள். நான் அவளுக்கு முதுகைக் காட்டிப் படுத்தேன். செய்த தப்புக்குப் பரிகாரம் தேடுகிறாளாக்கும் என்று மனசுக்குள் கறுவினேன். அந்த மழைக்காலம் முடிகிறவரையில், அதற்கடுத்த மழைக்காலத்திலும், அவள் அங்கேதான் படுத்தாள். தங்கைக்கு இழுப்பு குறைந்தது. அம்மாவின் வலது தோள் இன்றைக்கும் மேகம் கறுத்தால் வலிக்கிறது. காகா தன் குழாயைக் கடைசிவரை தொடவில்லை.

வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுப் போனவருக்கு, மறுநாளே எங்களைக் காலிபண்ணச் சொல்ல வாய் வராது என்று கணக்குப் போட்டுத்தான் அவள் அந்த இட்லியை அவித்திருக்கிறாள். இது எனக்குப் புரிய, நானும் இதே ஊரில் ஒரு வீட்டுக்காரர் முன்னால் கைகட்டி நிற்கவேண்டி வந்தது. புரிந்தால் கோபம் போய்விடும் என்கிறார்கள். எனக்கு அது அதிகமாகத்தான் ஆனது. ஒரு குழாயைச் சரிபண்ணுவதற்குப் பதிலாக ஒரு சொல்லை வைத்து ஒரு குடும்பத்தையே வாயடைக்க முடிந்ததே என்று.

அம்மா முதன்முதலாகச் சுவரோரம் படுத்த மறுநாள் காலை. கட்டிலிலிருந்து இறங்கிய அம்மா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவள் சேலை முதுகுப் பக்கம் முழுக்க நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் பெயின்ட் பொருக்கும் சுண்ணாம்புமாக அப்பியிருந்தது. எனக்குக் கோபமெல்லாம் போய், பெரிய ஆதாரம் கிடைத்துவிட்ட சந்தோஷம் வந்தது. பின்னாலேயே ஓடிப்போய் அந்த ஈரத்தில் உள்ளங்கையை வைத்தேன்.

“பாத்தியாம்மா, இதுதான் டேம்ப். ஹ்யூமிட்னா இப்படி ஒட்டாது.”

அம்மா திரும்பவில்லை. “ஆமாட்டி, நீ சொன்னதுதான் சரி. போய்க் குளி, பஸ் வந்துரும்,” என்றாள்.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம், ஒருவழியாக அம்மாவுக்கு வித்தியாசத்தைப் புரியவைத்துவிட்டேன் என்று பெருமையாக இருந்தேன்.