நெய்யாறு கடந்த என் பியானோவும் குன்னத்துகால் சாவு வீடுகளும்

கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை. அந்தச் சூட்டோடுதான் எழுதுகிறேன்.

என்னோடு கல்லூரியில் படித்த ஷீபா இப்போது வளைகுடாவில் இருக்கிறாள். அவள் மகளின் கல்யாண வரவேற்பு சொந்த ஊரான குன்னத்துகாலில், போன மாதம் ஒரு சனிக்கிழமை. "வரும்போ கீபோர்டும் எடுத்துட்டு வா. ஒனக்க நெய்யாற்றுப் பாட்ட நீயே வாசிக்கணும்" என்று கட்டளை.

அதைப் பாட்டு என்பாள். சொல் கிடையாது, வெறும் பியானோ. மணிக்கட்டு அறுவைக்குப் பிறகு ஒரு வருடம் நான் பியானோக் கட்டையைத் தொடவில்லை. இனி வாசிக்க முடியுமா என்று கேட்க ஒருநாள் ரயிலில் திருவனந்தபுரம் போனேன். முடியும் என்றார் மருத்துவர். நெய்யாற்றுப் பாலத்தில் பயந்துகொண்டு போனது முதல் பாதி, அதே பாலத்தில் சிரித்துக்கொண்டு திரும்பியது மறு பாதி. பயணங்களில் பிறந்த இசை என்று இணையத்தில் நான் ஏற்றி வைத்திருப்பவற்றில் என் உயிர் இதில்தான் இருக்கிறது.

நாகர்கோவிலிலிருந்து பாறசாலைக்குப் பாசஞ்சர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். கூட்டம் அதிகமில்லை, கீபோர்டை மேல்தட்டில் வைக்கலாம். அங்கிருந்து குன்னத்துகாலுக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். வழியில் என் கைபேசி அடித்தது. அழைப்பொலியும் அந்த இசையேதான். ஓட்டுநர் சட்டென்று வேகத்தைக் குறைத்து, "சேச்சி, யாராக்கும் மரிச்சது?" என்றார். என்ன கேள்வி இது என்று முறைத்தேன். மனிதர் அதற்குப் பிறகும் வண்டியை மெதுவாகவே விட்டார்.

அவர் அப்படிக் கேட்ட காரணம் பந்தலில் தெரிந்தது. மணமக்களை வாழ்த்தி நான் வாசிக்கத் தொடங்கியதும் முன்வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். இருவர் எழுந்தே நின்றுவிட்டார்கள். ஷீபாவின் சித்தி ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"மக்கா, நிறுத்து. இது சாவு வீட்டுல போடுற பாட்டாக்கும். கல்யாணப் பிள்ளைய வச்சுக்கிட்டு இத வாசிப்பாளா ஒருத்தி?"

மணப்பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பந்தலுக்கு மைக் செட் போட்டிருந்த ராஜன்தான் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். சில வருஷத்துக்கு முன்பு யாரோ என் பெயர் போடாமல் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்களாம். இவர் அதைச் சாவு வீட்டில் போட்டிருக்கிறார். பிறகு பக்கத்து ஊர் மைக் செட்காரர்களும் வாங்கிக்கொண்டு போனார்களாம்.

"நல்ல பேரு உண்டு அக்கா இந்தப் பாட்டுக்கு. இது இல்லாம இஞ்ச ஒரு சவமும் எடுக்கிறதில்ல" என்றார், பாராட்டுகிறாராம்.

அதிலும் முதல் பாதியை மட்டும் வெட்டி, அதையே திரும்பத் திரும்ப ஓட விட்டிருக்கிறார். எனக்கு வந்ததே ஆத்திரம். யாரைக் கேட்டு வெட்டினீர்கள்? நான் போனேன், திரும்பி வந்தேன். வருஷக் கணக்காக என்னைத் திரும்பி வரவே விடாமல் பாலத்துக்கு அந்தப் பக்கமே நிறுத்தி வைத்திருக்கிறீர்களே என்று கத்திவிட்டேன்.

"சாவு வீட்டுல போறது தானே அக்கா உண்டு. திரும்பி வாறது இல்லல்லா" என்றார் ராஜன்.

நியாயம்தான். அதற்காகக் கோபம் குறைந்துவிடுமா? அன்றிரவு ஷீபா வீட்டில் சாப்பிடாமலே படுத்தேன்.

மறுநாள் காலை ராஜனே தன் வண்டியில் ஸ்டேஷனில் விடுவதாகச் சொன்னார். போகிற வழியில் ஒரு துஷ்டி வீட்டில், சாவு வீட்டைத்தான் அப்படிச் சொல்வார்கள், குழாய் ஒலிபெருக்கி கட்ட வேண்டுமாம். வாழைக்காய் வியாபாரம் செய்தவர் இறந்திருந்தார். என் கண்முன்னே என் பியானோ தொடங்கியது. போகிறது, போகிறது, மறுபடியும் முதலிலிருந்து போகிறது. இறந்தவரின் மனைவி பாக்கியம் அந்த இசை ஓடும்வரை சுவரில் சாய்ந்து அழுதார், அது நின்றால் நிமிர்ந்து பார்த்தார். நிறுத்தச் சொல்லத்தான் இறங்கினேன், ஓரமாகப் போய் நின்றுகொண்டேன்.

உடலை எடுத்ததும் ராஜன் வயரைச் சுருட்டப் போனார். அது அவர்கள் வழக்கம், சவப்பெட்டி கிளம்பினால் மைக் செட் வேலை முடிந்தது. விடுவேனா? "கல்லறைக்குப் பெட்டியோடு போனவர்கள் திரும்பி வருவார்களா மாட்டார்களா? அப்போது போடுங்கள் மறு பாதியை" என்றேன். "இதுவரை அப்படிப் போட்டதில்லையே" என்று முணுமுணுத்தார். ரயில் போனால் போகட்டும் என்று அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

வெயிலில் எல்லோரும் நடந்து திரும்பினார்கள். ராஜன் சத்தத்தைக் குறைத்து மறு பாதியைப் போட்டார். பாக்கியம் வாசலில் நின்றார். அந்தத் தெருவில் யாரும் கேட்டிராத பாதி அது. முடியும்வரை நின்று கேட்டார். பிறகு உள்ளே பார்த்து, "எல்லாருக்கும் கட்டன் சாயா போடுங்க. வெயிலுல வந்திருக்காவ" என்றார்.

இப்போது மறு பாதியும் போடுகிறார்களாம், ஆனால் என் பெயரை இன்னும் யாரும் போடவில்லை, அந்தக் கோபம் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: காலை ரயிலை விட்டாலும் மாலை ரயிலை நம்புங்கள், ஆட்டோவில் ஏறும் முன்பே கூலி பேசிக்கொள்ளுங்கள். வழியில் பியானோ கேட்டால் வண்டியை மெதுவாக விடுங்கள். அது மறு பாதியாக இருந்தால் இறங்கி உள்ளே போங்கள், பால் விடாத கட்டன் சாயா கொடுப்பார்கள்.