சுவருக்கு அந்தப் பக்கம் நின்றவர்

இதில் நான் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. சிலவற்றைக் குறைத்திருக்கிறேன், அவ்வளவுதான். நடந்தது நடுராத்திரியில் அல்ல. வெள்ளிக்கிழமை, அக்டோபர் 27, பிற்பகல் இரண்டு மணி. நான் தனியாகவும் இல்லை. என்னோடு எட்டுப் பேர் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். அமெரிக்காவில் சோளம் விளையும் மாநிலங்களில் ஒன்று. எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள்.

என் பெயர் மார்லிஸ். இருபத்தாறு வருடம் ஆம்புலன்ஸில் வேலை பார்த்தவள். கூடவே இன்னொரு பொறுப்பும் இருந்தது. தீயணைப்பு வீரர்கள் மோசமான எதையாவது பார்த்துவிட்டு வந்தால், அவர்களை உட்கார வைத்துப் பேச விடுவது. நான் டாக்டர் இல்லை. அவர்களைப் போலவே பிணம் தூக்கியவள். அதனால்தான் என்னிடம் வாய் திறப்பார்கள். அதற்கு ஒரே நிபந்தனை, அங்கே பேசியது வெளியே போகாது. மேலதிகாரி கேட்டாலும் போகாது, பெண்டாட்டி கேட்டாலும் போகாது. எதையும் எழுத மாட்டோம். வந்தவர்களின் பெயர்ப் பட்டியல்கூடக் கிடையாது.

இன்று இதைச் சொல்கிறேன் என்றால், அன்று அங்கே உட்கார்ந்தவர்களில் ஒருவரான கர்ட் சம்மதித்ததால்தான். தீயணைப்புப் படைத் தலைவர் சீஃப் டுவெய்ன் இப்போது உயிரோடு இல்லை. ரிக் என்பது மாற்றிய பெயர்.

செவ்வாய்க்கிழமை நடந்த விபத்து இது. ஒரு பண்ணையில் மக்காச்சோளம் கொட்டி வைக்கும் இரும்புக் குதிர், முப்பது அடி உயரம். உள்ளே சோளம் கெட்டுப்போய்க் கட்டி தட்டியிருந்தது. அதைக் குத்திவிட இறங்கிய லாரிக்காரர் ஒருவர் 1:40-க்கு உள்ளே புதைந்துவிட்டார். அறுவடைக் குழுவோடு ஓக்லஹோமாவிலிருந்து வந்தவர். அந்தப் பண்ணைக்கு அன்று காலையில்தான் முதல் முறையாக வந்திருந்தார். பெயர் லீலண்ட். உள்ளூரில் ஒருவருக்கும் அவர் முகம் தெரியாது.

இரண்டு ஊர்த் தீயணைப்புப் படைகள் போயின. எல்லோரும் சம்பளம் இல்லாமல் ஊருக்காக ஓடுகிறவர்கள். அன்றைக்குப் பொறுப்பு சீஃப் டுவெய்ன். அறுபத்து மூன்று வயது, அமைதியான மனிதர். 2:35-க்கு அவர் முடிவெடுத்தார்: ஆள் போய்விட்டார், இனி உடலைத்தான் எடுக்க வேண்டும், அவசரம் இல்லை. தானியம் உறிஞ்சும் இயந்திரம் பக்கத்து மாவட்டத்திலிருந்து வரும் வரை எல்லோரும் காத்திருந்தார்கள். 6:50-க்கு உடலை எடுத்தார்கள். முகமெல்லாம் சோளம் அப்பியிருந்தது. அப்படியே போர்த்தி அனுப்பிவிட்டார்கள்.

மூன்று நாள் கழித்து அவர்களைப் பேச வைக்க என்னை அழைத்தார்கள். லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளம். ஒரே ஒரு கதவு. வாசலில் என் கூட்டாளி ஆர்டன் நின்றார். சம்பந்தமில்லாத யாரும் உள்ளே வரக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை.

"எட்டுப் பேர். நாலு இந்த ஊர், நாலு அந்த ஊர். எல்லாரும் உள்ள வந்தாச்சு," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார் ஆர்டன்.

நான் ஒன்பது நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தேன். எனக்கும் சேர்த்து. காபி பாத்திரத்தை அணைத்துவிட்டுத் திரும்பினேன். எனக்கு நாற்காலி இல்லை.

எண்ணிக்கை தப்பிவிட்டது என்று நினைத்தேன். சுவரோரம் இருந்து இன்னொன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மணி 2:06.

வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். இங்கே பேசுவது இங்கேயே இருக்கும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் வெளியே கேட்கவும் கூடாது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

எனக்கு நேர் எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். மங்கிய பழுப்புச் சட்டை. நாற்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு கைகளும் உடம்போடு ஒட்டியிருந்தன. மடியில் வைக்கவில்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. இரண்டு பக்கமும் யாரோ நெருக்கிக்கொண்டு நிற்பதுபோல அப்படியே ஒடுங்கியிருந்தார். கண் இமைகளில் தூசி. பக்கத்து ஊர்ப் படைக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

புளித்த தானியத்தின் வாடை அடித்தது. இவர்கள் சட்டையிலிருந்து வருகிறது என்று விட்டுவிட்டேன்.

முதல் சுற்றில் ஒவ்வொருவரும் தாம் எங்கே நின்றோம், என்ன செய்தோம் என்று சொன்னார்கள். அந்த மனிதரின் முறை எப்படிக் கடந்தது என்று எனக்கு ஞாபகமே இல்லை. பிறகு யாருக்கும் ஞாபகம் இல்லை.

2:31. கர்ட் அழ ஆரம்பித்தார். ஆறடி மூன்று அங்குல ஆள். வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர்.

"எனக்கு சத்தம் கேட்டுச்சு," என்றார். "மூணு இருபதுக்கு. நானும் ரிக்கும் வடக்குப் பக்கம் குதிர்மேல சாஞ்சு நின்னோம். டொக், டொக், டொக்னு உள்ளருந்து. கொஞ்சம் விட்டு மறுபடியும் மூணு."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"சீஃப்கிட்ட சொன்னேன்."

எல்லோரும் டுவெய்னைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார்.

"வெயில் இறங்கினா இரும்பு சுருங்கும், அந்தச் சத்தம்னு சொன்னேன்," என்றார் டுவெய்ன். "இப்பவும் அதேதான் சொல்றேன். உயிரோட இருந்தா கத்தியிருப்பான் இல்ல? ஒரு மனுஷன் உயிருக்குப் போராடும்போது கத்தாம தட்டிக்கிட்டா இருப்பான்? யாராவது ஒரு குரல் கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை.

"அப்புறம் என்ன?" என்றார் டுவெய்ன்.

அப்போதுதான் எதிரே இருந்தவர் பேசினார்.

"பத்தொன்பது தடவை."

மெல்லிய குரல். நல்ல குரல். வானொலியில் கேட்டிருந்தால் யார் இது என்று நின்று கேட்டிருப்பேன்.

"என்னது?" என்றார் கர்ட்.

"மூணு மூணா... பத்தொன்பது தடவை. கடைசித் தடவ நாலு பத்துக்கு."

"நீங்க எங்க நின்னீங்க?" என்று நான் கேட்டேன்.

"சுவத்துக்கு அந்தப் பக்கம்."

குதிரின் தெற்குப் பக்கம் நின்றிருப்பார் என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

அவர் ரிக்கைப் பார்த்துத் திரும்பினார். கழுத்து மட்டும் திரும்பியது. தோள் அசையவில்லை.

"நீ ஒரு ஜோக் அடிச்சியே..."

ரிக்கின் முகம் வெளுத்தது.

"சூடு கொஞ்சம் ஏறினா ஆளு பாப்கார்ன் ஆயிடுவான்னு. ரெண்டு பேரும் சிரிச்சீங்க."

"அது..." என்றார் ரிக். "அங்க எங்க ரெண்டு பேரத் தவிர யாருமே இல்லையே."

இந்த வேலையில் எல்லோரும் அப்படி ஜோக் அடிப்போம். இல்லாவிட்டால் மறுநாள் வேலைக்கு வர முடியாது. நானும் அடித்திருக்கிறேன். ஆனால் அதை வெளியாள் காதில் விழ விடமாட்டோம்.

அப்போதுதான் நான் கவனித்தேன்.

அவர் மூச்சை வெளியே விடுகிறார்... உள்ளே இழுக்கவே இல்லை.

ஒவ்வொரு வார்த்தைக்கும் மார்பு கொஞ்சம் இறங்கியது. இறங்கியது இறங்கியபடியே நின்றது. அடுத்த வார்த்தை. இன்னும் கொஞ்சம் இறங்கியது.

சர்ர்ர்... என்று ஒரு சத்தம். தகரத்தில் மணல் வழிவதுபோல. எங்கிருந்து என்று தெரியவில்லை.

"நல்ல ஜோக்தான்," என்றார் அவர். "எனக்கும் சிரிப்பு வந்துச்சு."

சர்ர்ர்ர்...

"ஆனா வாயத் தொறந்தா... உள்ள போகுது."

2:44.

அவர் டுவெய்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நீங்க சாப்பிடப் போனீங்க, சீஃப். ஹாம் சாண்ட்விச். கடுகு சாஸ் போதலன்னு சொன்னீங்க."

டுவெய்ன் எழப் பார்த்தார். முடியவில்லை.

டொக்.

டொக்.

டொக்.

எல்லோரும் கதவைத் திரும்பிப் பார்த்தோம்.

கதவு திறந்தது. ஆர்டன் நின்றார். "என்ன ஆச்சு? உள்ளருந்து யார் தட்டினது?" என்று கேட்டார்.

திரும்பினேன்.

நாற்காலி காலி.

ஆர்டன் அந்த ஒரே கதவை அடைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஜன்னல் கிடையாது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கையிலிருந்த தாளைப் பார்த்து, கூட்டத்தை முடிக்கும்போது கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "வேற யாருக்காவது எதாவது சொல்லணுமா?" என் குரல் எனக்கே கேட்கவில்லை. எல்லோரும் எழுந்து ஒவ்வொருவராக வெளியே போனார்கள். காபியோடு மேஜையில் வைத்திருந்த சாண்ட்விச்சுகளை யாரும் தொடவில்லை.

வண்டி நிறுத்துமிடத்தில் டுவெய்ன் பக்கத்து ஊர்க்காரர்களில் ஒருவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "அந்தப் பழுப்புச் சட்டை... உங்க ஆளுதானே?"

"உங்க ஆளுன்னுல்ல நாங்க நினைச்சோம்."

அதற்கு மேல் அவர்கள் பேசவில்லை. பேசக் கூடாது என்று நான்தானே சொல்லியிருந்தேன். பெயர்ப் பட்டியல் இல்லை. குறிப்பு இல்லை. அந்த அறைக்குள் யார் இருந்தார்கள் என்று இன்றுவரை யாராலும் நிரூபிக்க முடியாது. எட்டுப் பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். சட்டத்துக்குப் பயந்து அல்ல.

ரிக் அந்த மாதமே படையிலிருந்து விலகினார். கர்ட் மூன்று முறை எனக்கு போன் செய்தார். மூன்று முறையும் எதுவும் பேசாமல் வைத்துவிட்டார்.

நவம்பர் 19. காலை 11:15. எங்கள் ஆம்புலன்ஸ் நிலையத்துக்கு ஒரு பெண் வந்தார். ஐம்பது வயதுக்குள். ஓக்லஹோமா நம்பர் போட்ட பழைய வண்டி. பெயர் டார்லா. லீலண்டின் மனைவி.

"கர்ட்னு ஒருத்தரப் பார்த்தேன்," என்றார் டார்லா. "அவர் அழறாரே ஒழிய எதுவும் சொல்ல மாட்டேங்கறாரு. பக்கத்து மாவட்டத்துல ஒரு அம்மா இருக்காங்க, அவங்களுக்கு எல்லாம் தெரியும், அவங்களக் கேளுங்கன்னாரு."

"அம்மா, அங்க பேசினத நான் வெளிய சொல்ல முடியாது."

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவர் உடனே போயிட்டாரா?"

நான் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"சீஃப் சொன்னாரு, ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும், கஷ்டப்பட்டிருக்க மாட்டாருன்னு. அப்படின்னா தலையாட்டுங்க, போதும்."

என்னால் தலையாட்டவும் முடியவில்லை. பொய் சொல்லியிருக்கலாம். இன்றும் நினைக்கிறேன், சொல்லித் தொலைத்திருக்கலாம். டார்லா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சரி," என்றார். "புரிஞ்சிடுச்சு."

காபி ஊற்றிக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"உயிரோட இருந்திருந்தா கத்தியிருப்பாருன்னு சீஃப் எனக்கு ஆறுதல் சொன்னாரும்மா. ஒரு குரல்கூடக் கேக்கலன்னாரு. நேத்துதான் அவர்கிட்ட சொன்னேன். அவர் முகம் போன போக்கப் பார்க்கணுமே."

"என்ன சொன்னீங்க?"

"என் புருஷனால கத்த முடியாது. பத்தொன்பது வயசுல குதிரை தொண்டையில உதைச்சிடுச்சு. அன்னைக்கே குரல் போயிடுச்சு. சுத்தமா. காத்து மட்டும்தான் வரும். என்னைக் கூப்பிடணும்னா சுவத்துல மூணு தட்டு தட்டுவாரு."

என் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தேன். வைத்த சத்தம் பெரிதாகக் கேட்டது.

"அதுக்கப்புறம்தான் எங்களுக்குக் கல்யாணம் ஆச்சு," என்றார் டார்லா. "இருபத்தி நாலு வருஷம் கூட வாழ்ந்தேன். அவர் குரல் எப்படி இருந்திருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது. அவங்க அம்மாவ ஒரு தடவ கேட்டேன். எப்படி இருக்கும்னு சொல்லத் தெரியலடின்னாங்க. செத்தும் போயிட்டாங்க. இனி அதச் சொல்ல உலகத்துல யாரும் இல்ல."

மெல்லிய குரல். நல்ல குரல்.

நான் சொல்லவில்லை.